அப்பா பணம் தர மாட்டேன் என்கிறார், கல்விக் கடன் வாங்கலாமா?

கரிசல்_பையன்:
ஊர் விருதுநகர் பக்கம். மெட்ரிக் பள்ளியில் +2, கட் ஆஃப் 178. பொறியியல் கலந்தாய்வில் மதுரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. "கடையில வந்து உட்காரு, காலேஜுக்கு ஒரு பைசா தர மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அக்கா பி.காம். முடித்திருப்பதால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. அரசுப் பள்ளியில் படிக்காததால் 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை. வருமானச் சான்றிதழ் எடுத்தால் அதில் அப்பாவின் வருமானம்தான் இருக்கும், என் கைக்கு வராத பணம். கடன் வாங்கலாமா?

கல்லாப்பெட்டி:
வேண்டாம் தம்பி. கணக்கைப் பார். அரசு ஒதுக்கீட்டிலேயே சுயநிதிக் கல்லூரிக்கு 2017-இல் நிர்ணயித்தது வருடம் 50,000, தர அங்கீகாரம் உள்ள பிரிவு என்றால் 55,000, இப்போது கூடியும் இருக்கலாம். அதோடு பஸ், மெஸ், தேர்வுக் கட்டணம், அப்புறம் ரசீதே தராமல் வாங்குகிற சில்லறைகள். வருடம் ஒரு லட்சம் வைத்துக்கொள். பத்து சதவீத வட்டியில் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது, சாதாரண வட்டியிலேயே நாலு லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். மெக்கானிக்கல் முடித்த பையன்கள் பன்னிரண்டாயிரத்துக்கு வேலை பார்ப்பதை என் கடைக்கு எதிரிலேயே பார்க்கிறேன். அப்பா கடையை விட்டுவிட்டு அந்த வேலைக்கா?

மதுரைக்காரி:
கல்லாப்பெட்டி அண்ணே, கடை வைத்திருப்பவர் கடைக்குத்தான் வக்காலத்து வாங்குவீர்கள். பையன் கேட்டது அந்தக் கடையில் உட்காராமல் எப்படிப் படிப்பது என்று. அப்பா ஏழையாக இருந்தால் அரசு ஏதாவது கொடுக்கும், வசதியான அப்பா கையை விரித்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள். இந்த ஓட்டையைப் பற்றி இங்கே ஒருவரும் பேசுவதில்லை. நான் அரசுக் கலைக் கல்லூரியில் மாலை ஷிஃப்டில் பி.காம். படித்தேன், பகலில் ஒரு ஸ்டேஷனரி கடையில் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றேன். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான், சம்பளத்திலேயே கட்டினேன். கடன் வாங்காமலும் படிக்கலாம் தம்பி.

கரிசல்_பையன்:
அக்கா, +2 முடித்து நேராக வருபவருக்குப் பொறியியலில் மாலை ஷிஃப்ட் கிடையாதே. 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். பகல் முழுக்க லேப், இரவு வேலைக்குப் போனால் தூங்குவது எப்போது?

ஓய்வூதியர்_62:
வங்கியில் முப்பது வருடம் இருந்தவன், கடன் மேசையில் மட்டும் ஒன்பது வருடம். நாலு லட்சம் வரை பிணையும் கேட்கக் கூடாது, மார்ஜின் பணமும், அதாவது நம் கையிலிருந்து போடும் பங்கும், கேட்கக் கூடாது. ஏழரை லட்சம் வரை கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து தேவையில்லை. ஆனால் தம்பி தனியாக வாங்க முடியாது, பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அது அப்பாதான் என்று எங்கேயும் எழுதவில்லை. அம்மா போதும். 'அப்பா வரட்டும்' என்று கிளையில் திருப்பி அனுப்பினால் வாயால் சண்டை போடாதே. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல். எழுதிக் கேட்டதும் பாதிக் கிளைகளில் 'அப்பா' மறந்துபோகும். இன்னொன்று, மேனேஜ்மெண்ட் கோட்டா பக்கமே போகாதே, கலந்தாய்வில் வாங்கிய இடத்துக்குத்தான் கடன் சுலபம். முழு வட்டி மானியத்துக்குக் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அது உனக்குக் கிடைக்காது, எண்ணாதே.

கல்லாப்பெட்டி:
ஐயா, நல்ல யோசனை சொன்னீர்கள். புருஷனுக்குத் தெரியாமல் ஒரு அம்மா நாலு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். தவணை தவறினால் நோட்டீஸ் அந்த அம்மா பெயரில் வீட்டுக்கு வரும், சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணும் அவர் பெயரில்தான் கெடும். அப்பா அதைப் பிரித்துப் படிக்கும் அன்றைக்கு நீங்களா அந்த வீட்டில் இருப்பீர்கள்?

ஓய்வூதியர்_62:
நியாயமான கேள்விதான். அப்படி ஒரு கேஸ் நானே பார்த்திருக்கிறேன். அதற்காக அம்மாவின் கையெழுத்துக்கு அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பீர்களானால், அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மதுரைக்காரி:
பொண்ணாகப் பிறந்திருந்தால் சட்டமாவது கொஞ்சம் துணைக்கு வரும். 1956 இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாத கல்யாணமாகாத மகள் பதினெட்டுக்குப் பிறகும் கேட்கலாம், மகனுக்குப் பதினெட்டோடு முடிந்தது. அதை வைத்து அப்பாமேல் கேஸ் போடுகிற பொண்ணு எத்தனை பேர் என்பது வேறு கதை. சரி, தம்பி, பாலிடெக்னிக் யோசித்தாயா? +2 அறிவியல் படித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடம் அரசு பாலிடெக்னிக், அப்புறம் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தம் ஐந்து வருடம், ஒரு வருடம் கூடுதல், ஆனால் கடன் மூன்று வருடத்துக்கு மட்டும்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கல்லாப்பெட்டி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த இரண்டு வருடமும் சாயங்காலம் கடையில் உட்கார்ந்தால் அப்பாவும் கொஞ்சம் இறங்கி வருவார்.

மதுரைக்காரி:
கடைசியில் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

கரிசல்_பையன்:
நேற்று ராத்திரி அம்மாவிடம் பேசினேன். கடனா பாலிடெக்னிக்கா என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே, "எங்கடா கையெழுத்து போடணும்" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு பான் கார்டு இல்லை, வங்கிக் கணக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான், பாஸ்புக்கை ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார், 2019-க்குப் பிறகு என்ட்ரி போடவில்லை. நாளைக்கு பான் கார்டுக்குப் போகிறோம். அப்பா கேட்டால் ரேஷன் கார்டு வேலை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். பாலிடெக்னிக் விண்ணப்பமும் சேர்த்தே போடுகிறேன்.