சுற்றுலாக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில் பக்கத்துத் தீவுக்குத் தனியாகப் போய்வந்த அனுபவங்கள்

பதிவு 1

கிரேக்கத்தின் மிக்கோனோஸ் தீவில் கப்பல் நிற்கும்போது டீலோஸ் தீவுக்குப் போய்வந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால் வழியை விளக்கப் போவதில்லை. பழைய துறையிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணம், அவ்வளவுதான். எங்கள் கப்பல் கரையோடு அணையாமல் நங்கூரமிட்டு நின்று, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களை இறக்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீலோஸில் ஊர் என்று எதுவும் இல்லை. காவலர்களும் அகழாய்வு செய்பவர்களும் தவிர வேறு யாரும் அங்கே இரவு தங்க முடியாது. பழங்காலத்தில் ஏதென்சு நகரத்தார் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு, இனி இந்தத் தீவில் ஒருவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று ஆணையிட்டார்கள் என்று முதல் நாள் இரவு படித்திருந்தேன். 112 மீட்டர் உயரமுள்ள கிந்தோஸ் குன்றின் மேல் தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த ஆணைதான் நினைவுக்கு வந்தது. காற்றைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கீழே இறங்கி, நாக்சோஸ் தீவுப் பளிங்கில் செய்த சிங்கங்களின் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். (வெளியே நிற்பவை பிரதிகள், மூலச் சிற்பங்கள் அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன.) காவலர் ஒருவர் ஊதலை ஊதிக்கொண்டே என்னை நோக்கி வந்தார். கயிற்றைத் தாண்டிவிட்டேனோ என்று நினைத்துக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் என் காலைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டிக் கடலைக் காட்டினார், பிறகு படகுத்துறையைக் காட்டினார். மெல்தெமி என்னும் கோடைக்கால வடகாற்று எழும்பி, தீவுகளுக்கு இடையிலுள்ள நீர் முழுவதும் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. என் கணக்குப்படி நான் கிளம்ப வேண்டிய படகுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவரிடம் முகத்தைச் சுளித்துவிட்டு, ஏதோ தண்டனை பெற்றவனைப் போல நடந்துபோய் நின்றிருந்த படகில் ஏறினேன்.

முழுவதும் நனைந்து கரை சேர்ந்தபோது, அன்றைக்கு அதன்பின் டீலோஸுக்குப் படகு இல்லை என்ற அறிவிப்புப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மீதமிருந்தவர்களை அழைத்துவர மட்டும் படகு போனது. டெண்டர் படகுகளும் தடுமாறிக்கொண்டிருந்தன. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுதான் கப்பலை அடைந்தேன். அந்தக் காவலருக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

பதிவு 2

என்னுடையது மால்டா, 2019. வலெட்டாவில் கப்பல் காலை எட்டு மணிக்கு அணைந்தது. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து சிர்கெவ்வாவை அடைந்து, அங்கிருந்து 25 நிமிட ஃபெர்ரியில் கோசோ தீவுக்குப் போனோம்.

சிர்கெவ்வாவில் பயணச்சீட்டு விற்கும் இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தோம். கேட்பார் யாரும் இல்லை. எல்லோரும் நேராக ஏறிக்கொண்டிருந்ததால் நாங்களும் ஏறினோம். நானும் என் தங்கையும் வழி நெடுகக் குற்றவாளிகளைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனோம். திரும்பி வரும்போது மட்டும்தான் கட்டணம் வாங்குவார்கள் என்பது பிறகு தெரிந்தது. தீவுக்குப் போனவர் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும் என்ற எண்ணம். அந்த ஏற்பாட்டை மெச்சிக்கொண்டே ஜிகன்டியா கோயில்களைப் பார்த்தோம். கீசா பிரமிடுகளைவிடப் பழைமையான கற்கள் அவை. 2017 மார்ச்சில் கடலில் இடிந்து விழுந்த கல் வளைவு நின்றிருந்த இடத்துக்கும் போனோம். வளைவு இல்லாத அந்த வெற்றிடத்தையும் மக்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தை கோசோவின் இம்ஜார் துறையில் கண்டோம். எல்லோரும் திரும்பும்போதே சீட்டு வாங்க வேண்டும் என்பதால், தீவுக்குப் போகும்போது இல்லாத வரிசை அத்தனையும் அங்கே நின்றது. சீட்டு எங்கள் கைக்கு வந்து, கண்ணாடிக் கதவை அடைந்த நொடியில் ஃபெர்ரியின் ஏற்றப்பலகை மேலே எழும்பத் தொடங்கியது. அதற்கும் கரைக்கும் இடையே பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனதைப் பார்த்தபடி என் தங்கை ஒன்றும் பேசாமல் தன் கைப்பையின் இழுப்பியைத் திறந்து திறந்து மூடினாள். இன்றைக்கும் எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. அடுத்த ஃபெர்ரியில் வந்து, அதே கப்பலைச் சேர்ந்த ஒரு முதிய இணையருடன் டாக்சியைப் பகிர்ந்துகொண்டு, நேரம் முடிய 11 நிமிடங்கள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

பதிவு 3

முதற்பதிவு எழுதிய நண்பருடன் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. காற்றால் சிக்கிக்கொள்பவர்கள் சிலர்தான். கடிகாரத்தால் ஏமாறுபவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அதிலும் எல்லோரும் தாமதமாகி ஏமாறுவதில்லை.

நாங்கள் போனது கரீபியனில், அமெரிக்க வர்ஜின் தீவுகளில், செயின்ட் தாமஸிலிருந்து செயின்ட் ஜான். ரெட் ஹுக்கிலிருந்து க்ரூஸ் பே வரை இருபது நிமிட ஃபெர்ரி, அங்கிருந்து திறந்த வண்டி டாக்சியில் மாஹோ பே. தீவின் பாதிக்கு மேல் 1956 முதல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருப்பதால், கடற்கரையை ஒட்டி மரங்கள்தாம் இருக்கின்றன, விடுதிகள் இல்லை. தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் எனக்குக் கீழே பச்சை ஆமை ஒன்று கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நான் மிதந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மூச்சுவிட மேலே வந்தபோது, கைநீட்டினால் எட்டும் தொலைவில், நீர் சொட்டும் அதன் முகம் வெளியே வந்து ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் இறங்கியது. அப்போது கழுத்தில் தொங்கிய உறைக்குள் இருந்த கைபேசியைப் பார்த்தேன். மணி இரண்டு. கிளம்ப வேண்டிய நேரம் என்று கரையேறிவிட்டேன்.

க்ரூஸ் பே துறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மனைவியின் கைக்கடிகாரம் ஒன்றரை என்று காட்டுவதைக் கவனித்தேன். கைபேசியிலோ மணி இரண்டரை. வடகரையில் இருந்தபோது கைபேசி எதிரேயுள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் கைபேசிக் கோபுரத்தைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்பியிருந்ததால், இது அதன் வேலையோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அங்கும் இதே நேரம்தான். குளிர்காலத்தில் ஃப்ளோரிடா நேரத்தைவிட அந்தத் தீவுகளின் நேரம் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். எங்கள் கப்பலோ ஃப்ளோரிடா நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது. இதை முதல் நாள் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம், என் மனைவிக்கும் தெரியுமாம். நான் களைத்துப்போய்ச் சீக்கிரம் கிளம்புகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். திரும்பிப் போய்வர நேரம் போதாது என்பதால், மீதமிருந்த நேரத்தைத் துறையின் பலகை இருக்கையில் உட்கார்ந்து கழித்தோம். கப்பலைத் தவறவிட்டிருந்தால்கூட இந்நேரம் அது ஒரு கதையாகியிருக்கும். இந்த ஒரு மணி நேரத்துக்கு யாரைக் குறைசொல்வது என்று தெரியவில்லை.

பதிவு 4

இத்தாலியின் நேப்பிள்ஸில் கப்பல் அணையும் இடத்துக்கு அருகிலேயே விரைவுப் படகுத் துறை இருக்கிறது. காப்ரி தீவு சுமார் ஐம்பது நிமிடப் பயணம். நீலக் குகையின் வாயில் நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமே என்பதால், துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு முன்னால் மூன்று படகுகள் இருந்தபோது அலை உயர்ந்ததால் குகையை மூடிவிட்டார்கள். படுத்திருந்தபடியே வெளியே வந்த முந்தைய படகுப் பயணிகளின் முகங்களைப் பார்த்தேன். உள்ளே அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை அந்த முகங்களிலிருந்து ஊகித்ததோடு சரி.

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் செய்திருப்பது ஒரே வகைத் தவறு என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது பெரும்பாலும் அரை மணி நேரம் முந்தியது, சில துறைகளில் ஒரு மணி நேரம்கூட முந்தியது. கப்பலின் சுற்றுலா மேசை வழியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்கும் கடமை அதற்குக் கிடையாது. 2024 மார்ச்சில் சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பயணிகள் தாமதமாக வந்தபோது, அந்நாட்டுக் கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் வரை கொண்டுபோய் விட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் பல நாடுகளைக் கடந்து கடைசியில் செனகலின் டக்கார் துறையில்தான் கப்பலைப் பிடித்தார்கள். கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில், அந்த ஊரில் கப்பலின் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும்; கரையிறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் வராவிட்டால், அறைப் பெட்டகத்திலுள்ள கடவுச்சீட்டை எடுத்து அந்த முகவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் கப்பல்களில் உண்டு. ஆனால் அதை நம்பிக் கடவுச்சீட்டை அறையிலேயே வைத்துவிட்டு வருவதும் சரியல்ல, ஏனெனில் பக்கத்துத் தீவு வேறொரு நாடாக இருக்கலாம். செயின்ட் மார்ட்டினிலிருந்து அங்குயில்லாவுக்கு ஃபெர்ரியில் இருபது, இருபத்தைந்து நிமிடந்தான், ஆனால் அங்கே குடியேற்ற அதிகாரி உட்கார்ந்திருப்பார். விசா தேவைப்படும் கடவுச்சீட்டுக்காரர்கள் துறையிலேயே திரும்ப வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் படகும் வேண்டாம், கடைசிக்கு முந்தியதும் வேண்டாம். அதற்கும் முந்தியதில் வருவதே என் வழக்கம். மால்டாவுக்குப் போன சகோதரி, வலெட்டாவிலிருந்தே நேராக கோசோவுக்கு 45 நிமிடத்தில் போகும் விரைவுப் படகைப் பிடித்திருந்தால் இத்தனை பதற்றம் இருந்திருக்காது.

பதிவு 5

இரண்டாம் பதிவு என்னுடையது. நண்பர் குறிப்பிடும் விரைவுப் படகு ஓடத் தொடங்கியது 2021இல். நான் போனது 2019 என்று என் பதிவின் முதல் வரியிலேயே இருக்கிறது. கடல் சீறினால் முதலில் நிறுத்தப்படுவதும் அந்த வகைப் படகுதான்.

பதிவு 6

கடைசிக்கு முந்தியதற்கும் முந்திய படகு என்பது நேப்பிள்ஸுக்குப் பொருந்தும். கரீபியனில் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து நெவிஸுக்கு நாங்கள் போன நாளில் ஓடிய ஒருசில படகுகளை வைத்து அந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால், போய் இறங்கியவுடனே அதே படகில் திரும்பியிருக்க வேண்டும்.

நான் அதுவரை மேல்தளத்தில் நின்று கைதட்டியவர்களில் ஒருவன். கப்பல் புறப்படும் நேரத்தில் துறைப்பாலத்தில் ஓடிவருபவர்களைப் பார்க்கக் கம்பியோரம் கூடும் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் அதற்காகவே குளிர்பானத்தோடு வந்து இடம் பிடிப்பார்கள். ஓடிவருபவரின் முகத்தை அங்கிருந்து சரியாகப் பார்க்க முடியாது என்பதால் அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நெவிஸில் நான் பார்க்க விரும்பியது 985 மீட்டர் உயரமுள்ள அந்த எரிமலைச் சிகரத்தை மட்டும்தான். அதன் தலையில் எப்போதும் படிந்திருக்கும் வெண்மேகத்தைப் பனி என்று கருதித்தான் ஸ்பானியர்கள் பனியன்னையின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள் என்பார்கள். நாள் முழுவதும் கடற்கரையிலும் சார்ல்ஸ்டவுன் தெருக்களிலும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். மேகம் ஒரு முறைகூட விலகவில்லை. அது விலகட்டும் என்று ஒரு படகைப் போகவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த படகு நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

செயின்ட் கிட்ஸின் பாஸ்டேரில் ஃபெர்ரித் துறையிலிருந்து கப்பல் துறை நடக்கும் தொலைவுதான். அதை நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். துறைப்பாலத்தின் பாதியில் மேலிருந்து கைதட்டல் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மழை பிடித்துக்கொண்டதுபோல. ஏறுபாலத்தின் அடியில் நின்ற பாதுகாவலர் என் அட்டையை இயந்திரத்தில் வைத்தபோது எழுந்த சிறிய மணியோசையைத்தான் நான் கேட்டேன். அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. எனக்குப் பின்னாலேயே பாலத்தை எடுத்தார்கள்.

அன்றிரவு உணவு மேசையில் எதிரே இருந்த பெண்மணி, நான் ஓடிவந்ததைத் தன் அறையின் பால்கனியிலிருந்து காணொளியாக எடுத்திருப்பதாகச் சொல்லி, தயங்கியபடி கைபேசியை நீட்டினார். அதில் நான் மிகச் சிறியவனாக, செருப்பை ஆட்டிக்கொண்டு, கோணலாக ஓடிவருகிறேன். எனக்குப் பின்னால், கடலுக்கு அப்பால், நெவிஸ் சிகரம் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லாமல் உச்சி வரை தெரிகிறது.