பூண்டுக்கு வாரத் தவணைக் கடன் வாங்கலாமா?

பூம்பாறைக்காரி:
முக்கால் ஏக்கரில் மலைப்பூண்டு போடுகிறோம். நட்டு, பிடுங்கி, காயவைத்து, வடுகபட்டி சந்தையில் விற்றுப் பணம் கைக்கு வர நாலு மாதத்துக்கு மேல் ஆகும். புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு இந்த முறை பாதி அழுகிவிட்டது. விதைக்கும் கூலிக்குமாக 40,000 வேண்டும். எங்கள் சுயஉதவிக் குழுவின் வங்கிக் கடனோ இந்தா வருது, அந்தா வருது என்று இழுக்கிறது. இதற்குள் மைக்ரோ பைனான்ஸ் ஆள் ஒருவர் பைக்கில் வந்து, ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஆளுக்கு 40,000, வாரத் தவணை, இரண்டு வருடம், நகை வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர் “வாங்கிடு” என்கிறார். கையெழுத்து என்னுடையதல்லவா! வாங்கலாமா?

கோத்தகிரி கொழுந்து:
தங்கச்சி, நான் இப்படி இரண்டு கடன் கட்டி முடித்தவள். முதல் கடனில் தையல் மெஷின் வாங்கினேன். அது இன்றும் சோறு போடுகிறது, பொய் சொல்லக்கூடாது. இரண்டாவதுதான் வினை. ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. பறிக்க இலை இல்லை, தவணை மட்டும் வாரம் தவறாமல் வந்தது. ஒரு வாரம் தவணைக் கூட்டத்தில் என் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஐந்தாவது ஆள் வரவில்லை. அவள் பங்கையும் போட்டால்தான் எழுந்திருக்கலாம் என்றார்கள். கூட்டம் நடந்தது என் வீட்டுத் திண்ணையில்தான், நான் எழுந்து எங்கே போவது? மகளின் கொலுசு அடகுக் கடைக்குப் போனது. அந்த ஐந்தாவது ஆள் என் சொந்தச் சித்தி மகள். இன்றுவரை பேச்சில்லை.

முன்னாள் வங்கிக்காரர்:
வட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. 40,000 ரூபாயை 24 சதவீதத்தில் 24 மாதத் தவணையாகக் கட்டினால் மாதம் 2,115, மொத்தம் ஏறக்குறைய 50,750. அதுவே 12 சதவீதம் என்றால் 45,200. “12 சதவீதம்தான்” என்று அவர் சொன்னால், குறைந்துவரும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கா என்று கேளுங்கள். முழுத் தொகைக்கு என்றால் உண்மையில் அது 21 சதவீதத்தைத் தாண்டும்.

2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. தவணை கேட்டு காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது.

என்னைக் கேட்டால், உங்களுக்கு ஏற்றது கூட்டுறவு சங்கத்தின் பயிர்க்கடன். அறுவடை முடிந்து கட்டலாம், கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. நிலத்தின் சிட்டா யார் பெயரில் இருக்கிறது?

பூம்பாறைக்காரி:
அதுதான் சிக்கல் ஐயா, மாமனார் பெயரில். அவர் சங்கத்துப் படி ஏறமாட்டேன் என்கிறார், பழைய கோபம் ஏதோ.

அக்கா, கொலுசு விஷயத்தைப் படித்ததும் நேற்று ராத்திரியே எங்கள் குழுத் தலைவியிடம் போனேன். குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் 15,000 தரலாம் என்கிறார். பாதி நிலத்துக்கு விதை ஆகும். பைக்கில் வந்தவர் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூண்டு விற்றதும் மொத்தமாகக் கட்டுகிறேன், சரியா என்று அவரிடமே கேட்டுவிடுகிறேன். மாமனாரிடம் நாளைக்குத் திரும்பவும் பேசணும், சாப்பாட்டுக்கு அப்புறம்.