வட்டத்தில் தலைமை இடம் கிடையாதாம்!

மூலைநாற்காலி:
பக்கத்து இழையில் ஒருவர், "கூட்டம் என்றால் வட்டமாகத்தான் உட்கார வேண்டும், வட்டத்தில் தலைமை இடமே கிடையாது, எல்லோரும் சமம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அத்தனை பேர் லைக் வேறு. படித்ததும் எரிச்சலாகிவிட்டது. ஏழு வருடம் ஒரு தன்னார்வக் குழுவில் வாராவாரம் வட்டமாகத்தான் உட்கார்ந்தேன். செயலாளர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ அதுதான் தலைமை இடம். அடுத்த வாரம் அவர் வேறு பக்கம் போனால் தலைமை இடமும் கூடவே போகும். யார் என்ன பேசி முடித்தாலும் மற்ற பத்துப் பேரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தலைமை இடம் இல்லை என்பது பச்சைப் பொய்.

சமவட்டம்:
அந்த "ஒருவர்" நான்தான். அங்கேயே பதில் சொல்லாமல் தனி இழை தொடங்கியிருக்கிறீர்கள், சரி. நான் சொன்னது நாற்காலியைப் பற்றி, உங்கள் செயலாளரைப் பற்றி அல்ல. நீள மேசைக்கு இரண்டு முனை உண்டு. 1961-இல் ஸ்ட்ராட்பெக், ஹுக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜூரிக் குழுக்களை (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) சோதனைக்காக உட்காரவைத்துப் பார்த்தபோது, மேசை முனையில் இருந்தவர்களைத்தான் மற்றவர்கள் அதிகமாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டத்துக்கு முனை ஏது? முனை இல்லை என்றால் தலைமை இடமும் இல்லை.

மூலைநாற்காலி:
முனை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தலைமை இடம் உண்டு. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் நானும் தருகிறேன். 1950-இல் ஸ்டெயின்சர் என்பவர் வட்டமாக உட்கார்ந்து பேசிய குழுக்களைக் கவனித்தார். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்துப் பேசுவது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர் அல்ல, எதிரே இருப்பவர். கண்ணுக்கு நேரே தெரிபவருக்குத்தானே பதில் சொல்லத் தோன்றும்? இரண்டு வருடம் எனக்குச் செயலாளரின் வலது பக்க நாற்காலிதான் வாய்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வரிசைக்காரர் ஆரம்பித்துவிடுவார். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஒரு நாற்காலிக்கு வாய்ப்பு அதிகம், ஒன்றுக்குக் குறைவு, இதற்குப் பெயர் சமமா?

கணக்குப்பிள்ளை:
யாரும் அளவைப் பற்றிப் பேசவில்லையே. ஆளுக்கு 70 செ.மீ. வைத்தால் 12 பேருக்குச் சுற்றளவு 8.4 மீட்டர், குறுக்களவு ஏறக்குறைய 2.7 மீட்டர். சாதாரணக் குரலில் பேசலாம். 30 பேர் என்றால் குறுக்களவு 6.7 மீட்டர். எதிரே இருப்பவரிடம் கத்த வேண்டும், நடுவில் ஒரு வெற்றுத் தரை. முப்பது பேரை வட்டமாக உட்காரவைப்பவர்களுக்கு அறையை அளந்து பார்க்கும் பழக்கமே இல்லை.

சமவட்டம்:
முப்பது பேரைப் பற்றி யார் கேட்டார்கள்? லீவிட் என்ற ஆய்வாளர் 1951-இல் செய்த சோதனையைப் படியுங்கள். ஐந்து பேர் குழு. வட்டம், சங்கிலி, ஒய் (Y) எழுத்து, சக்கரம் என்று நான்கு அமைப்பு. வட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிக மனநிறைவு. சக்கரத்தில் நடுவில் இருந்தவர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார், ஓரத்தில் இருந்தவர்கள் சலித்துப்போனார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மூலைநாற்காலி:
லீவிட்டை நீங்கள் முழுதாகப் படிக்கவில்லை. அந்த ஐந்து பேருக்கும் நடுவே தடுப்புப் பலகை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. துண்டுச்சீட்டில் எழுதித்தான் அனுப்பினார்கள். "வட்டம்" என்றால் யார் யாருக்குச் சீட்டு அனுப்பலாம் என்ற விதி, நாற்காலி போட்ட விதம் அல்ல. "சக்கரம்" என்றால் மற்ற நால்வரும் நடு ஆளுக்கு மட்டும்தான் அனுப்பலாம். நான்கு அமைப்புக்காரர்களும் உட்கார்ந்தது ஒரே வட்டமேசையில்தான்! அந்த வட்டமேசையிலேயே சக்கர அமைப்பின் நடு ஆளைத்தான் ஏறக்குறைய எல்லோரும் தலைவர் என்று கைகாட்டினார்கள். வேலையை வேகமாக முடித்ததும் அந்தச் சக்கரம்தான். நீங்கள் கொண்டுவந்த சான்றே வட்டமேசையில் தலைவர் உருவாவார் என்கிறது. போன மாதம் கூட்டக்குறிப்பு இழையிலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டு வந்து என்னோடு மோதினீர்கள்.

சமவட்டம்:
கூட்டக்குறிப்பு இழையை இங்கே இழுக்க வேண்டாம். அதில் தவறு உங்களுடையது, இன்றுவரை நீங்கள் திருத்தவில்லை. தலைவர் உருவாவது வேறு, தலைமை இடம் இருப்பது வேறு.

உதடுபடிப்பவள்:
எனக்குக் காது சரியாகக் கேட்காது. பேசுபவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். வரிசையாக உட்காரும் கூட்டத்தில் எனக்குக் கிடைப்பது பின்தலைகள் மட்டும். நீள மேசையில் என் பக்கத்தில் இருப்பவர்களின் வாய் எனக்குத் தெரியாது, கழுத்தை நீட்டி நீட்டி வலிதான் மிச்சம். வட்டத்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பெரும்பாலும் எல்லா முகமும் வெளிச்சத்தில் தெரிகிறது. ஒரே ஒரு நிபந்தனை, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேச வேண்டும். தலைமை இடத்தைப் பற்றி இத்தனை பதிவு எழுதினீர்களே, கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றே தெரியாமல் எழுந்து போகிறவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

மூலைநாற்காலி:
உங்கள் நிலைமை புரிகிறது, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறு கேள்வி. முகம் தெரிவது நல்லது என்றுதான் நீங்கள் சொல்கிறீர்கள். தலைமை இடம் கிடையாது என்று நீங்கள் சொல்லவில்லை. அவர் சொல்கிறார்.

பழையசெய்தி:
வியட்நாம் போர்ப் பேச்சுவார்த்தை பாரிஸில் நடந்தபோது மேசையின் வடிவம் பற்றியே வாரக்கணக்கில் சண்டை. 1969 ஜனவரியில்தான் வட்டமேசை என்று முடிவானது. யார் யாருக்குச் சமம் என்பதில் தகராறு வந்தால் கடைசியில் எல்லோரும் வட்டத்துக்குத்தான் வருகிறார்கள்.

மூலைநாற்காலி:
வட்டமேசை மட்டும் அல்ல, எதிரெதிரே இரண்டு சின்னச் செவ்வக மேசைகளும் உண்டு. பாதியை விட்டுவிட்டீர்கள். மேசைக்காக அவர்கள் சண்டை போட்ட அந்த வாரங்களிலும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1973-இல். வட்டம் என்ன சாதித்தது?

பழையசெய்தி:
அந்தச் சின்ன மேசைகள் உதவியாளர்களுக்கு. வட்டத்தோடு ஒட்டிக்கூட இல்லை, தள்ளித்தான் போட்டிருந்தார்கள். தெரியாமல் திருத்த வராதீர்கள்.

மூலைநாற்காலி:
ஒட்டியிருந்தன என்று நான் எங்கே எழுதினேன்? என் பதிவை இன்னொரு முறை படியுங்கள்.

ஒதுங்கிநிற்பவன்:
வட்டம் என்றாலே எனக்கு நடுக்கம். ஒளிய இடம் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அதைவிடக் கொடுமை, "இந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். என் முறை நெருங்க நெருங்க எனக்கு முந்தியவர் பேசுவது எதுவும் மண்டையில் ஏறாது. இதைச் சோதித்து 1973-இல் பிரென்னர் என்பவர் எழுதியும் இருக்கிறார், தன் முறைக்குச் சற்று முன் கேட்டதைத்தான் ஆட்கள் அதிகம் மறக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தால் நான் நன்றாகக் கேட்பேன், யோசிப்பேன், கடைசியில் உருப்படியாக ஒன்று சொல்வேன்.

உதடுபடிப்பவள்:
பின்வரிசையில் நீங்கள் சொல்லும் அந்த உருப்படியான ஒன்று எனக்கு ஒருநாளும் வந்து சேராது.

ஒதுங்கிநிற்பவன்:
என் மேல் ஏன் பாய்கிறீர்கள்? சுற்றிவரப் பேசச் சொல்லும் முறையைத்தான் குறை சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
குதிரைலாட வடிவம் வட்டத்தில் சேர்த்தியா இல்லையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் மேசை அந்த வடிவம்தான்.

சமவட்டம்:
குதிரைலாடம் வட்டம் அல்ல. அதற்கு நடு உண்டு, தலைவர் அங்கே உட்காருவார். வட்டத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது. நூறு முறை கேட்டாலும் இதுதான் என் பதில்.

மூலைநாற்காலி:
அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். உங்கள் குழு வட்டமாகத்தானே உட்காருகிறது? உங்கள் தலைவர் வாராவாரம் வேறு வேறு நாற்காலியிலா உட்காருகிறார்?

சமவட்டம்:
வாசலைப் பார்த்த நாற்காலியில். அந்த ஒரு நாற்காலிக்குத்தான் கைப்பிடி உண்டு, அவருக்கு முதுகுவலி.

மூலைநாற்காலி:
அவர் வராத வாரம் அதில் யாராவது உட்காருவார்களா?

சமவட்டம்:
மரியாதைக்காக விட்டுவைக்கிறோம். மரியாதை வேறு, தலைமை இடம் வேறு. வட்டத்தில் தலைமை இடம் கிடையாது.

மூலைநாற்காலி:
உண்டு.