தஹ்ரீஃப்: திரிபா, புரட்டா?

அன்புடையீர்,
தொடக்கக்காலத் திருச்சபை வரலாற்றை இக்கால முஸ்லிம் அறிஞர்கள் எவ்வாறு நோக்கினர் என்னும் பாடப்பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். முந்தைய வேதங்கள் மாற்றப்பட்டன என்னும் இஸ்லாமியக் கருத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘தஹ்ரீஃப்’ என்பதைத் ‘திரிபு’ என்று எழுதியுள்ளேன்; மேலாய்வாளர் ‘புரட்டு’ என்கிறார். எது தகும்?

—

‘திரிபு’தான். 1854இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் வாதிட்ட முஸ்லிம் அறிஞர் ரஹ்மத்துல்லா கைரானவி, விவிலியத்தின் சொற்களே மாற்றப்பட்டன என்றார். அவர் காலத்தவரான சையது அகமது கானோ, மாறியது பெரிதும் விளக்கமே என்று கருதினார். ‘புரட்டு’ என்றால் பின்னவருக்கு இடமில்லை. ‘சொற்றிரிபு’, ‘பொருட்டிரிபு’ என்றால் இருவரும் அடங்குவர். நன்னூல் சொல்லும் ‘தோன்றல், திரிதல், கெடுதல்’ எவரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. கிரேக்க மெய்யியலின் சூழலில் கிறித்தவக் கொள்கை உருமாறியது என்று எகிப்தின் முகம்மது அபூ ஸஹ்ரா எழுதுவதும், ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்’ என்று வள்ளுவர் சொன்ன திரிதலே.

—

அபூ ஸஹ்ராவை அவ்வளவு எளிதில் நிலத்தின்மேல் சாய்த்துவிட முடியாது. 325ஆம் ஆண்டு நிக்கேயா திருச்சங்கத்தில் கூடிய 2,048 ஆயர்களுள் 318 பேரின் கருத்தையே பேரரசர் கான்ஸ்டன்டைன் நிலைநாட்டினார் என்று, பத்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியத் திருச்சபைத் தலைவர் இப்னு பத்ரீக்கின் அரபு வரலாற்றைக் கொண்டு அவர் வாதிடுகிறார். இயேசு படைக்கப்பட்டவரே என்று கற்பித்து அச்சங்கத்தில் கண்டிக்கப்பட்ட ஆரியூசின் தரப்பை ஏகத்துவத் தரப்பாகவே காண்கிறார். அது செய்வோன் உள்ள வினை. குர்ஆனும் (2:75) ‘அறிந்துகொண்டே’ மாற்றினர் என்கிறது. நமக்கு உடன்பாடில்லாத வாதமாயினும் அதன் கூர்மையை மழுக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. ‘தஹ்ரீஃப்’ அரபு இலக்கணத்தில் பிறவினைத் தொழிற்பெயர். ஆகவே ஒரு தகர ஒற்றைக் கூட்டித் ‘திரித்தல்’ என்க.

—

வேரைப் பார்க்க வேண்டும். ‘ஹர்ஃப்’ என்பது விளிம்பு. ‘தஹ்ரீஃப்’ ஒன்றை அதன் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்த்தல். ‘ஒருபால் கோடாமை’ என்ற குறள்தொடரில் அச்சொல் காத்திருக்கிறது: ‘கோட்டுதல்’, அதாவது வளைத்தல். கிரந்த எழுத்தும் வேண்டாம், இகழ்ச்சியும் இல்லை.

—

‘கோட்டுதல்’ அழகானது, ஆனால் இளங்கலை மாணவர் அதைக் கோடு போடுதலாகவே படிப்பர். முஸ்லிம் வாசகருக்குப் பழகிய ‘தஹ்ரீஃப்’ முதல் இடத்தில் மட்டும் நிற்க, பிறகு ‘சொல் திரித்தல்’, ‘பொருள் திரித்தல்’ என்று புணர்ச்சியின்றி எழுதுகிறேன். பெரும்பான்மையோர் இதற்கு இசைந்துள்ளனர்.

—

நான் இசையவில்லை. விளக்கத்தில் பிழைபட்டோர் அனைவரும் வேண்டுமென்றே பிழைத்தவர் என்று சையது அகமது கானின் வாயில் வைக்க நமக்கு என்ன சான்று? அவர் பகுதியிலேனும் ‘பொருட்டிரிபு’ என்றே அச்சிடுக.