‘சர்வீஸ் அனிமல்’ தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நியூ ஜெர்சியிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து, ஊரிலிருந்து வந்துபோகும் அப்பா அம்மாக்களுக்காக அமெரிக்க விமானப் பயணிகளின் உரிமைகளைச் சிறு கையேடாகத் தமிழில் எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சக்கர நாற்காலி, தாமதம், காணாமல் போன பெட்டி எல்லாம் முடிந்துவிட்டன. ‘சர்வீஸ் அனிமல்’ என்ற இடத்தில் நிற்கிறேன். அடுத்த வரியிலேயே ‘எமோஷனல் சப்போர்ட் அனிமல்’ வருகிறது. இரண்டையும் பிரிக்கும் கோட்டைச் சொல்வதற்காகத்தான் அந்தப் பக்கமே.

2021 ஜனவரி 11 முதல் நடப்பில் உள்ள போக்குவரத்துத் துறை விதிப்படி, மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலை செய்யப் பழக்கிய நாய் மட்டுமே முதல் வகை. கட்டணம் இல்லை, அவர் காலடியிலேயே வரலாம். இரண்டாவது வகையை விமான நிறுவனம் வளர்ப்புப் பிராணியாகவே கருதலாம். அப்படியானால் பை, கட்டணம் எல்லாம் உண்டு.

‘சேவை விலங்கு’, ‘உணர்வு ஆதரவு விலங்கு’ என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சர்க்கஸா என்று கேட்டார். உதவுங்கள்.

மதுரையிலிருந்து

அன்புள்ள தம்பி, சேவை வடசொல். நம்மிடம் பணி, தொண்டு, ஏவல் இருக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை.

‘விலங்கு’ என்பதையும் யோசிக்க வேண்டும். விலங்கு என்றால் குறுக்கு. மனிதன் நிமிர்ந்து நிற்பவன், மற்றவை கிடையாக நடப்பவை, ஆகவே விலங்கு. காலுக்குக் குறுக்கே பூட்டுவதால் தளைக்கும் அதே பெயர். விலகு, விலக்கு எல்லாம் ஒரே குடும்பம். வடமொழியில் ‘திரியக்’ என்பதற்கும் குறுக்கு என்றே பொருள் என்பதைக் கவனிக்க. ‘பணிவிலங்கு’ என்று எழுதினால் கைவிலங்கு, கால்விலங்கு வரிசையில் போய்ச் சேரும். விதி நாயை மட்டும் ஏற்கிறது என்கிறீர்கள், ஆகவே நாய் என்றே சொல்லுங்கள். சங்க வழக்கில் ஞமலி உண்டு, ஞாளி உண்டு. நாய்க்குட்டியைக் குருளை என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது.

என் பரிந்துரை: ஏவல்நாய். ஏவியதைச் செய்யும் நாய்.

டெட்ராய்ட்டிலிருந்து

ஐயா, எங்கள் பக்கம் ஏவல் என்றால் பில்லி, சூனியத்தோடு சேர்ந்து வருவது. ஏவல்நாய் என்று அச்சிட்டால் எங்கள் அத்தை அந்த வரிசையில் உட்காரவே மாட்டார்.

பணிநாயும் வேண்டாம். விமானம் விட்டு இறங்கியதும் அங்கி போட்ட பீகிள் ஒன்று வந்து, நம் அம்மாக்கள் கொண்டுவரும் மாம்பழத்தையும் கறிவேப்பிலையையும் மோப்பம் பிடிக்கிறதே, அதுவும் பணியில் இருக்கும் நாய்தான். போலீஸ் நாயும் அப்படியே. அவற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது ஒரே ஒருவருக்காக வேலை செய்கிறது என்பது. ஆகவே ‘உதவுநாய்’. ஊறுகாய் போல வினைத்தொகை. படித்தவுடன் புரியும்.

சிகாகோவிலிருந்து

இந்தக் குழுவில் நான் அதிகம் எழுதுவதில்லை. இதற்கு எழுதியாக வேண்டும்.

என் கணவருக்குப் பார்வை இல்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு லாப்ரடார் அவரோடு இருக்கிறது. விமானத்தில் ஏறியதும் முன் இருக்கைக்கு அடியில் பின்னுடம்பை நுழைத்துக்கொண்டு, மோவாயை அவர் ஷூவின் மேல் வைத்துப் படுத்துவிடும். சக்கரம் தரையைத் தொடும்போது மட்டும் ஒரு தடவை தலையைத் தூக்கும். அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரருக்கு, இறங்கும்போதுதான் அங்கே நாய் இருந்ததே தெரியும்.

ஒரு முறை கவுன்ட்டரில் வளர்ப்பு நாய்க் கட்டணம் கட்டச் சொன்னார்கள். அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு: இது குறைபாடு காரணமாகத் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? இரண்டையும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் நின்றோம். நாயும் நின்றது. கையேட்டில் வரும் சொல், அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். என்னுடைய ஒரே வேண்டுகோள் அது.

விருதுநகரிலிருந்து மாமியார் வந்திருந்தபோது நான் “நாயைக் கட்டட்டுமா?” என்று கேட்டேன். “நாய்னு சொல்லாதம்மா, அது அவன் கண்ணு” என்றார்.

மதுரையிலிருந்து

அம்மா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். கண் + நாய் என்ன ஆகும்? கண் + நீர் = கண்ணீர். அதே புணர்ச்சியில் கண் + நாய் = கண்ணாய்! கண்ணாக இருப்பது என்றும் பொருள். ஒரு சொல்லில் இரண்டும் அமைகிறது. உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

வேலுண்ட பின்னும் வால் குழைக்கும் நாயை நாலடியார் நண்பனுக்கு உவமை சொன்னதும் நினைவுக்கு வருகிறது. நாய் என்ற சொல்லை இழிவாக எண்ண வேண்டியதில்லை.

பொதுச்சொல்லாக வேண்டுமென்றால் ‘பயில்நாய்’.

சென்னையிலிருந்து

சட்ட மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் குறுக்கிடுகிறேன்.

‘கண்ணாய்’ அழகு. ஆனால் காது கேளாதவருக்கு மணியோசையை உணர்த்தும் நாய், வலிப்பு வரும்போது துணை நிற்கும் நாய் எல்லாம் அதில் அடங்காது.

‘பயில்நாய்’ ஆபத்து. வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவானது: பயின்ற, பயில்கின்ற, பயிலும். பயிற்சியில் இருக்கும் நாயை இந்த விதி ஏற்பதில்லை. பயிற்சி முடிந்திருக்க வேண்டும். இறந்தகாலம் வெளிப்படையாக நிற்கும் பெயரெச்சம் தேவை: ‘வேலை பழக்கிய நாய்’. ‘பழகிய நாய்’ என்று ஓர் ஒற்றை விட்டுவிட்டால் தெரிந்தவர் வீட்டு நாயாகிவிடும்.

இரண்டாவது சொல்லிலும் கவனம் வேண்டும். ‘மனத்துணை விலங்கு’ என்று யாரேனும் சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். மனநலக் குறைபாட்டுக்காகப் பழக்கிய நாய் முதல் வகையில்தான் வருகிறது. பதற்றம் மூளும்போது மேலே சாய்ந்து அழுத்தவோ, மாத்திரை நேரத்தை நினைவூட்டவோ அது கற்றிருக்கும். உடல், மனம் என்பது பிரிக்கும் கோடு அல்ல. கற்ற வேலை உண்டா, இல்லையா என்பதே கோடு.

டெட்ராய்ட்டிலிருந்து

அப்படியானால் இரண்டாவதற்கு ‘ஆறுதல் பிராணி’. அது எதுவாகவும் இருக்கலாம் அல்லவா? 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலைக் கொண்டுவந்தார், ஏற்ற மறுத்தார்கள். பேகன் போர்வை கொடுத்த பறவைக்கு இருக்கை கிடைக்கவில்லை. அங்கே விலங்கு என்றும் எழுத முடியாது.

மதுரையிலிருந்து

ஆற்றுதல் என்ற வினைக்குத் துயர் தணித்தல், கடமை செய்தல் என இரு பொருளும் உண்டு. ‘ஆற்றுநாய்’ என்றால்... இல்லை, நதியில் வாழ்வது என்று படிப்பார்கள். நீர்நாய் ஏற்கெனவே இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.

டொராண்டோவிலிருந்து

ஒரு மறுப்பு. அமெரிக்காவில் கடை, உணவகம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் பழக்கிய குட்டைக் குதிரைக்கும் இடம் உண்டு. விமானத்துக்கு வேறு சட்டம், 1986இல் வந்தது. விமானத்துக்கு ‘நாய்’ என்று இன்று முடிவு செய்தால், நாளை மற்றக் கையேட்டுக்கு வேறு சொல் தேட வேண்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. காலையில் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வந்த மடல்களில் நான்கு பேர் ‘உதவி’ என்ற பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். ‘உதவிநாய்’ என்று தலைப்பில் போட்டு, கீழேயே ‘ஒருவரின் குறைபாட்டுக்கு உதவும் வேலையைப் பழக்கி முடித்த நாய்’ என்று விளக்கம் தருகிறேன். மற்றது ‘ஆறுதல் பிராணி’. சிகாகோ அக்கா சொன்ன இரண்டு கேள்விகளையும் ஆங்கில ஒலிப்போடு தமிழ் எழுத்தில் கட்டம் கட்டிப் போடுகிறோம், கவுன்ட்டரில் காட்டிப் பேச வசதியாக. குதிரையை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

மதுரையிலிருந்து, வெள்ளி அதிகாலை

தம்பி, தாமதமாகிவிட்டதோ தெரியவில்லை. உதவி ஆசிரியர், உதவி ஆய்வாளர், உதவிநாய். வாசிப்பவர் இதை இரண்டாம் நிலை நாய் என்றுதான் எடுத்துக்கொள்வார். டெட்ராய்ட் நண்பர் முதலில் சொன்ன ‘உதவுநாய்’ இதைவிட மேல். முக்காலச் சிக்கலை விளக்க வரி பார்த்துக்கொள்ளும். ஓர் எழுத்துதான். அச்சு ஏறவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஏறிவிட்டதென்றால் என் மறுப்பை மட்டும் குறித்து வையுங்கள்.