ஃபீச்சர்கவுண்ட்ஸ் கவுண்ட் எல்லாம் டபுளா வருது, அவசரம், உதவி வேணும்

குடியாத்தம்_வேர் | செவ்வாய், இரவு 10:42

வணக்கம். மல்லாட்டை (வேர்க்கடலை) வேர்ல ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் பண்றேன். ஒவ்வொரு ஜீனுக்கும் எத்தனை ரீட் (மெஷின் படிச்ச துண்டு) விழுதுன்னு எண்ற ஃபீச்சர்கவுண்ட்ஸ் போட்டா கவுண்ட் கிட்டத்தட்ட டபுளா வருது. கமாண்டை நான் மாத்தவே இல்லை. போன வருஷம் சரியா வந்துச்சு. வியாழக்கிழமை டாக்டரல் கமிட்டி, அதுக்கு முன்னாடி கைடு மேடம்கிட்ட டேபிள் காட்டணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

சத்துவாச்சாரி_மாடி | இரவு 10:51

எதோட ஒப்பிட்டு டபுள்? ஒரே பேம் ஃபைலை (ரீட் ஜீனோம்ல எங்க ஒட்டுச்சுன்னு இருக்கற ஃபைல்) ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தீங்களா, இல்ல வேற வேற சாம்பிளா? துண்டோட ஒரு முனையை மட்டும் படிச்ச சிங்கிள் எண்டா, ரெண்டு முனையையும் ஜோடியா படிச்ச பேர்டு எண்டா? கமாண்ட்ல என்னென்ன ஆப்ஷன் இருக்கு? போன வருஷம் என்ன வெர்ஷன், இப்ப என்ன வெர்ஷன்? இது தெரியாம யார் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

அணைக்கட்டு_மானாவாரி | இரவு 10:58

தம்பி, நான் மூணு வருஷமா இதே பயிர்லதான் இருக்கேன். இது சாஃப்ட்வேர் கோளாறே இல்லபா. மல்லாட்டை நாலுமடியம். அராக்கிஸ் டூரனென்சிஸ், அராக்கிஸ் இபாயென்சிஸ்னு ரெண்டு காட்டு இனம் சேர்ந்து வந்த பயிர், மொத்தம் 40 குரோமோசோம். டூரனென்சிஸோட ஏ ஜீனோம் பக்கத்துல ஒரு ஜீன் இருந்தா இபாயென்சிஸோட பி ஜீனோம் பக்கத்துல அதே சாயல்ல இன்னொண்ணு இருக்கும். ஒரு ரீட் ரெண்டு இடத்துலயும் போய் உக்காரும். ரெண்டு இடத்துலயும் எண்ணினா டபுள்தானே வரும்? மல்டிமேப்பிங்கைப் பாருங்க. 2019ல வந்த டிஃப்ரன்னர் ரகத்தோட ஜீனோமைத்தானே ரெஃபரன்ஸா வச்சிருக்கீங்க?

பழைய_டெர்மினல் | இரவு 11:10

"டபுளா வருது" என்பது கேள்வியே அல்ல. இந்தக் குழுவில் மாதம் ஒருவர் இப்படி வருகிறார். சீனியர் கொடுத்த ஸ்கிரிப்டை வாங்கி ஓட்டுவது, உள்ளே எந்த ஆப்ஷன் என்ன செய்கிறது என்று பார்க்காமல் இருப்பது, எண் மாறினால் இரவு பதினோரு மணிக்கு அவசரம் என்று எழுதுவது. புது வெர்ஷன் போட்டவுடன் ரிலீஸ் நோட்ஸ் படிக்க வேண்டும் என்பதுகூடவா ஒருவர் சொல்லித் தர வேண்டும்? முதலில் மேனுவலைப் படியுங்கள்.

குடியாத்தம்_வேர் | இரவு 11:24

மன்னிக்கணும் சார், அவசரத்துல எழுதிட்டேன். மானாவாரி அண்ணா, தம்பி இல்ல, தங்கச்சி.

ஸ்கிரிப்ட் சீனியரோடதுதான். லேப் சிஸ்டம் லேப்லயே இருக்கு, நான் வீட்ல போன்ல இருக்கேன், ஞாபகத்துல இருந்து சொல்றேன். 8 த்ரெட், பேர்டு எண்டுக்கான '-பி' இருக்கு, ஜீனோட எக்ஸான் பகுதியில எண்ணி ஜீன் ஐடிக்குக் கூட்டற மாதிரி. பல இடத்துல ஒட்டற ரீடையும் எண்ணச் சொல்ற பெரிய எம் ஆப்ஷன் கிடையாது. பேர்டு எண்ட், ரீட் நீளம் 150.

ராணிப்பேட்டை பக்கத்து குரோமியம் கலந்த மண்ணுல வளர்த்த வேர் 3, நல்ல மண்ணுல 3. இந்த ஆறும் போன வருஷமே எண்ணியாச்சு. குரோமியம் மண்ணுல இருந்து எடுத்து நல்ல மண்ணுக்கு மாத்தி நட்ட செடி 3, அது இப்பதான் வந்துச்சு. நடுவுல மே மாசத்துல பழைய சிஸ்டம் வெயில்ல போயிடுச்சு. புது சிஸ்டம்ல சீனியர் அண்ணா பயோகோண்டா (உயிரியல் சாஃப்ட்வேர் கிடங்கு) வழியா எல்லாத்தையும் புதுசா போட்டுக் கொடுத்தாங்க. புது மூணும் டபுளா இருக்கவே சந்தேகம் வந்து, ஹார்ட் டிஸ்க்ல இருந்த பழைய பேம் ஒண்ணை எடுத்து திரும்ப ஓட்டினேன். முன்னாடி அதுல ஜீனுக்குப் போய்ச் சேர்ந்தது 1 கோடியே 71 லட்சம். இப்ப 3 கோடியே 38 லட்சம். அந்தச் சாம்பிள்ல மொத்தமே 2 கோடியே 10 லட்சம் ஜோடின்னுதான் கம்பெனி ரிப்போர்ட்ல போட்டிருக்கு.

ஆம்பூர்_லோக்கல் | இரவு 11:31

ரீட் எந்த இழையில இருந்து வந்துச்சுன்னு சொல்ற ஸ்ட்ராண்ட் செட்டிங்கைப் பாருங்க. எனக்கு இதே மாதிரி ஒரு தடவை ஆச்சு. கிட் எந்த வகைன்னு கம்பெனிகிட்ட கேட்டு 0, 1, 2 மூணையும் போட்டுப் பாருங்க, ஏதாவது ஒண்ணு சரியா வரும்.

ஆர்_ஜன்னல் | இரவு 11:40

நான் ஆர் (புள்ளியியல் நிரல் மொழி) உள்ளேயே, ஃபீச்சர்கவுண்ட்ஸை அங்க தர்ற ஆர்சப்ரீட் வழியாத்தான் எண்ணுவேன். ஆரோட உயிரியல் பேக்கேஜ் தொகுப்பான பயோகண்டக்டர் புது ரிலீஸ். பேர்டு எண்ட் என்ற இடத்துல 'ட்ரூ'ன்னு கொடுத்ததோட சரி, ஜோடிக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா எண்ணிச்சு. அதனால சாஃப்ட்வேர்ல தப்பு இருக்கறதா தெரியலை. உங்க பேம்லதான் ஏதோ இருக்கணும். டூப்ளிகேட் மார்க் பண்ணீங்களா?

சத்துவாச்சாரி_மாடி | இரவு 11:52

தங்கச்சி, இப்ப சொன்னதுதான் முதல்லயே வேண்டியிருந்துச்சு. ஒரே பேம் ரெண்டு விடை தருதுன்னா காரணம் பயிர்லயும் இல்லை, பேம்லயும் இல்லை. மல்டிமேப்பிங் ரீட்களை ஃபீச்சர்கவுண்ட்ஸ் இயல்பாவே ஒதுக்கிடும், பெரிய எம் கொடுத்தாத்தான் எண்ணும். ஸ்ட்ராண்ட் தப்பா இருந்தா எண் குறையும், இருக்கற ஜோடியைத் தாண்டிப் போகாது. 2 கோடியே 10 லட்சம் ஜோடிதான் இருக்கு, 3 கோடியே 38 லட்சம் போய்ச் சேர்ந்துச்சுன்னா அங்க எண்ணினது ஜோடியே இல்லை.

காலையில லேபுக்குப் போனதும் ஒண்ணு பண்ணுங்க. பழைய கவுண்ட் ஃபைலையும் புதுசையும் திறந்து முதல் வரியைப் பாருங்க. ஹேஷ் குறியோட ஆரம்பிக்கும். எந்த வெர்ஷன், என்ன கமாண்ட்னு அந்த வரியிலயே எழுதியிருக்கும். டேபிளை ஆர்ல ஏத்தும்போது அதை விட்டுட்டுத்தான் ஏத்துவோம், அதனால யாருமே பார்க்கறதில்லை.

அணைக்கட்டு_மானாவாரி | நள்ளிரவு 12:04

பெரிய எம் இல்லைன்னா சரிதான். ஆனா சம்மரி ஃபைல்ல மல்டிமேப்பிங்னு ஒரு வரி வரும், அது எவ்வளவுன்னு சொல்லுமா. மல்லாட்டையில அந்த வரியைப் பார்க்காம எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

குடியாத்தம்_வேர் | புதன், காலை 9:37

லேப் வந்துட்டேன். முதல் வரி பார்த்தேன். பழசு 2.0.1. புதுசு 2.0.6. கமாண்ட் ரெண்டுலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணேதான், ரெண்டுலயும் '-பி' இருக்கு.

சத்துவாச்சாரி_மாடி | காலை 9:49

அப்ப விஷயம் இதுதான். 2.0.1 வரைக்கும் '-பி'ன்னு சொன்னா ரெண்டு அர்த்தம்: இது பேர்டு எண்ட் டேட்டா, ஜோடியை ஒண்ணா எண்ணு. 2.0.2ல இதைப் பிரிச்சிட்டாங்க. இப்ப '-பி'க்கு "இது பேர்டு எண்ட்" என்ற அர்த்தம் மட்டும்தான். ஜோடியா எண்ணணும்னா '--கவுண்ட்ரீட்பேர்ஸ்'னு தனியா சொல்லணும். முன்னாடி ரெண்டு கோடு, நடுவுல இடைவெளி கூடாது, ரீட், பேர்ஸ் ரெண்டுக்கும் முதல் எழுத்து கேப்பிடல். அதைக் கொடுக்காததால உங்க ஜோடியில ஆளுக்கு ஒண்ணா ரெண்டு ரீடையும் தனித்தனியா எண்ணியிருக்கு. ஓடும்போது ஸ்கிரீன்ல ஒரு கட்டம் வருமே, அதுல "கவுண்ட் ரீட் பேர்ஸ்" பக்கத்துல "நோ"ன்னு இருக்கும் பாருங்க.

ஆர்_ஜன்னலுக்கு ஏன் சரியா வந்துச்சுன்னா, ஆர்சப்ரீட்ல அந்த ஆப்ஷன் இயல்பாவே 'ட்ரூ'. டெர்மினல்ல நாமதான் கேட்டு வாங்கணும். ஒரே குழு எழுதின ஒரே நிரல், வாசல் மாறினா இயல்பும் மாறுது. அவர் சொன்னது பொய்யில்லை, ஆனா அதை வச்சு பேம்ல தப்புன்னு தேடப் போயிருந்தா ரெண்டு நாள் போயிருக்கும்.

சரியா ரெண்டு மடங்கு இல்லாம கொஞ்சம் குறைவா வர்றதும் இதனாலதான். ஜோடியில ஒரு ரீட் எக்ஸான்லயும் இன்னொண்ணு வெளியிலயும் விழுந்தா பழைய கணக்குலயும் ஒண்ணு, புதுக் கணக்குலயும் ஒண்ணுதான்.

பழைய_டெர்மினல் | காலை 10:02

நேற்றே சொன்னேன், ரிலீஸ் நோட்ஸ் படிக்கச் சொல்லி. 2.0.2 குறிப்பில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆம்பூர்_லோக்கல் | காலை 10:09

ஐயா, நீங்க நேத்து "2.0.2ல '-பி' மாறிச்சு"ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா அந்தப் பொண்ணு ராத்திரி தூங்கியிருக்கும். தெரிஞ்சும் சொல்லலையா, இல்ல இப்பதான் தெரிஞ்சுதா?

பழைய_டெர்மினல் | காலை 10:15

எனக்குத் தெரியும். தானே தேடிக் கண்டுபிடித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது என் கருத்து. நான் கற்றது அப்படித்தான்.

ஆர்_ஜன்னல் | காலை 10:20

எனக்கு இன்னொரு வருத்தம். இருக்கற ஆப்ஷனோட அர்த்தத்தையே மாத்தலாமா? புதுசா ஒண்ணு சேருங்க, பழசைப் பழசாவே விடுங்க. பயோபைத்தான் 1.78ல, 2020 செப்டம்பர்ல, பயோ.ஆல்ஃபபெட் என்ற பகுதியையே எடுத்தாங்க. என் ஸ்கிரிப்ட் பாதி நின்னு போச்சு, ஒரு வாரம் போச்சு. ஆனா நின்னு போச்சுன்னாவது உடனே தெரிஞ்சுது, எர்ரர்லயே "இதை எடுத்துட்டோம்"னு எழுதியிருந்தாங்க. இது ஓடி முடிஞ்சு டேபிளும் கொடுத்துடுது. சத்தமே இல்லாம தப்பு நடக்கறதுதான் எனக்கு பயமா இருக்கு.

பழைய_டெர்மினல் | காலை 10:31

அவர்கள் பாதியைச் சத்தமாகவே செய்திருக்கிறார்கள். இப்போது பேர்டு எண்ட் ஃபைலை '-பி' இல்லாமல் கொடுத்தால் ஓடாது, எர்ரர் காட்டி நின்றுவிடும். முன்பு பேசாமல் தனித்தனியாக எண்ணிவிடும். அந்த அமைதியான தப்பை அடைக்கத்தான் இந்த மாற்றம். மெல்போர்னில் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் இருந்த சிறு குழு, 2014லேயே கட்டுரை எழுதி நிரலைத் திறந்து கொடுத்துவிட்டு இன்றுவரை பராமரிக்கிறது. ஒரு பைசா கேட்கவில்லை. குறிப்பை எழுதி வைப்பது அவர்கள் கடமை, எழுதியிருக்கிறார்கள். படிப்பது நம் கடமை.

ஆர்_ஜன்னல் | காலை 10:38

அவங்க உழைப்பை நான் குறை சொல்லலை. ஆர் 4.0.0ல, 2020 ஏப்ரல்ல, எழுத்துத் தரவைத் தானா வகைகளா மாத்தற ஸ்ட்ரிங்ஸ் ஆஸ் ஃபேக்டர்ஸ் இயல்பை மாத்தினப்பவும் பழைய ஸ்கிரிப்ட் பலது ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு, விடை மட்டும் வேறயா வந்துச்சு. பயோகண்டக்டர் வருஷத்துக்கு ரெண்டு ரிலீஸ், ஏப்ரல்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. ஒவ்வொரு ஆளும் பயன்படுத்தற இருபது கருவிக்கும் குறிப்பு படிக்க முடியுமா? அதுவும் இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறிப் படிக்கற முதல் வருஷப் பிள்ளைங்க? நம்ம குழுவுலயே மாசம் ஒரு தடவை யாராவது "இந்தக் கருவியில இது மாறிச்சு"ன்னு தமிழ்ல நாலு வரி போட்டா என்ன?

அணைக்கட்டு_மானாவாரி | காலை 10:44

நல்ல யோசனை. ஆனா என்னைக் கேட்டா தீசிஸ் முடியற வரைக்கும் சிஸ்டத்துல எதையுமே அப்டேட் பண்ணக் கூடாது.

சத்துவாச்சாரி_மாடி | காலை 10:52

அவங்க எங்க அப்டேட் பண்ணாங்க? சிஸ்டம் போச்சு, புதுசா போட்டாங்க, புதுசு வந்துச்சு. வேலை ஆரம்பிக்கற அன்னிக்கே கோண்டா என்விரான்மென்டை (எந்தக் கருவி, எந்த வெர்ஷன் என்ற பட்டியல்) எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு சின்ன ஃபைலா டேட்டாவோட வச்சிருந்தா அதே 2.0.1 திரும்ப வந்திருக்கும். கேக்கறவங்களுக்கு இன்னொண்ணு: பயோகோண்டாவுல இதோட பேக்கேஜ் பேர் சப்ரீட். ஃபீச்சர்கவுண்ட்ஸ்னு தேடினா கிடைக்காது.

மாசக் குறிப்பு நான் எழுதறேன். முதல் குறிப்பு இந்த '-பி'தான்.

குடியாத்தம்_வேர் | காலை 11:05

நன்றி அண்ணா. ஒரே ஒரு சந்தேகம். சாம்பிள்களுக்கு நடுவுல ஜீன் வித்தியாசத்தைக் கணக்கு போடற டெசெக்2 எப்படியும் சைஸ் ஃபேக்டர் போட்டு சமன் பண்ணிடும், பழைய ஆறையும் புது மூணையும் அப்படியே சேர்த்துடலாம்னு சீனியர் அண்ணா சொல்றாங்க. மேடம் 2 மணிக்கு வர்றாங்க. சேர்க்கலாமா?

சத்துவாச்சாரி_மாடி | காலை 11:12

சேர்க்காதீங்க மா. சைஸ் ஃபேக்டர் சாம்பிளுக்கு ஒரே ஒரு எண். ஒரு சாம்பிள் முழுக்க ஒரே அளவுல கூடியிருந்தாத்தான் அது சரி பண்ணும். இங்க ஒரு ஜீன் 1.9 மடங்கு கூடியிருக்கும், எக்ஸான் சின்னதா இருக்கற ஜீன் 1.4 மடங்குதான் கூடியிருக்கும். அந்த வித்தியாசம் மண்ணை மாத்தி நட்டதால வந்ததுன்னு கணக்கு நம்பிடும். நீங்க அந்த ஜீனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அத்தியாயமே எழுதிடுவீங்க.

இன்னொண்ணு, ஒரே துண்டோட ரெண்டு முனையை ரெண்டு சாட்சியா எண்றோம். டேட்டா நிஜத்துல இருக்கறதைவிட அதிகமா இருக்கற மாதிரி கணக்கு எடுத்துக்கும். ஒன்பதையும் புது வெர்ஷன்ல எண்ணினாக்கூட ஜோடியா எண்றதுதான் முறை.

ஒன்பது பேமையும் ஒரே கமாண்ட்ல 2.0.6லயே ஓட்டுங்க, '-பி'யும் '--கவுண்ட்ரீட்பேர்ஸ்'ம் ரெண்டும் இருக்கணும். இந்தக் கருவி வேகமானது, மேடம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஜீன் எங்கெங்க இருக்குன்னு சொல்ற அனோடேஷன் ஃபைல் போன வருஷத்தோடதுதானான்னு மட்டும் பார்த்துக்கோங்க. மெத்தட்ஸ்ல வெர்ஷன் நம்பரையும் ரெண்டு ஆப்ஷனையும் எழுதிடுங்க.

பழைய_டெர்மினல் | காலை 11:20

இந்த விளக்கம் சரி. ஓட்டி முடித்ததும் பழைய ஆறில் ஒன்றையாவது போன வருட எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் வேறு எதுவும் மாறவில்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். கமிட்டியில் வெர்ஷன் பற்றி யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள், அது உங்கள் தவறு அல்ல.

குடியாத்தம்_வேர் | மாலை 6:18

ஒன்பதும் ஓடிடுச்சு. முதல் சாம்பிள் அதே 1 கோடியே 71 லட்சம். மேடம் பார்த்துட்டாங்க. எல்லாருக்கும் நன்றி, பஸ் வந்துடுச்சு.

அணைக்கட்டு_மானாவாரி | மாலை 6:40

சந்தோஷம் மா. அந்த மல்டிமேப்பிங் வரி எவ்வளவுன்னு நீ கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. ரகம் என்ன, டிஎம்வி 7ஆ, விஆர்ஐ 2ஆ?