பூங்காவுக்கென விட்ட நிலத்தில் கட்டண வாகன நிறுத்தம்: மாமன்ற உறுப்பினரிடம் எப்படி முறையிடுவது?

ஏரிக்கரை வாசி எழுதியது:

வணக்கம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது நகருக்குள் வந்த ஓர் ஊராட்சிப் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில், இரண்டாம் குறுக்குத் தெருவின் முடிவில் உள்ள ஏறத்தாழ ஐந்து கிரவுண்டு நிலம் பூங்கா என்று குறிக்கப்பட்டுள்ளது. ஊராட்சிக் காலத்திலும் சரி, அதன் பிறகும் சரி, அங்கே பூங்கா அமைக்கப்படவில்லை. ஆனாலும் புங்கையும் வேம்பும் தாமாக வளர்ந்தன, பிள்ளைகள் விளையாடினார்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் முதலில் வடிந்ததும் அந்த மண்ணில்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பின்புறப் பிரதான சாலையில் ஒரு திருமண மண்டபம் வந்தது. முகூர்த்த நாட்களில் விருந்தினர் வாகனங்கள் முதலில் தெருவை நிறைக்கின்றன, பிறகு அந்த நிலத்தை நிறைக்கின்றன. மரங்களின் வேர்ப்பகுதி இறுகிப்போய், இரண்டு மரங்கள் சென்ற கோடையில் பட்டுவிட்டன. இதைத் தடுக்க வேண்டும் என்று மாமன்ற உறுப்பினரைச் சந்தித்துக் கேட்டோம். அவர் பொறுமையாகவே கேட்டார். ஆனால் அவர் சொன்ன தீர்வு எங்களைத் திகைக்க வைத்தது: நிலத்தின் பாதியில் கான்கிரீட் கல் பதித்துக் கட்டண வாகன நிறுத்தம், மறுபாதியில் நடைபாதையுடன் சிறு பூங்கா, இதனால் தெருவில் நிற்கும் வண்டிகளும் குறையும் என்கிறார். தெருவில் சிலருக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது, ஏனெனில் அவர்களுடைய கார்களுக்கும் இடமில்லை.

வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச இருக்கிறோம். பூங்கா நிலத்தை இப்படிப் பிரிக்கச் சட்டம் இடம் தருகிறதா? மாமன்ற உறுப்பினரைப் பகைத்துக்கொள்ளாமல் எதை, யாரிடம், எந்த வடிவில் கேட்பது முறை? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நகரமைப்பு (ஓய்வு) எழுதியது:

ஐயா, நகரமைப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டத்துக்குப் போகும் முன் நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியது அந்த நிலத்தின் தானப்பத்திரம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெற்றவர், பூங்காவுக்கும் சாலைகளுக்கும் ஒதுக்கிய நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இணைக்கப்பட்ட பகுதிகளில் வழக்கமாகச் சிக்கல் எழும் இடமே இதுதான். பத்திரம் பழைய ஊராட்சியின் பெயரில் இருக்கும், வருவாய்த் துறைப் பதிவேட்டில் இன்னமும் மனை விற்றவரின் பெயரே நீடிக்கும், மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் நிலமே இடம்பெற்றிருக்காது. பதிவேட்டில் இல்லாத நிலத்துக்கு வேலி போட எந்தப் பொறியாளரும் மதிப்பீடு தயாரிக்க மாட்டார்.

ஆகவே சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்யுங்கள். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தானப்பத்திரம் கிடைக்கவில்லை என்றாலும் அஞ்ச வேண்டாம். பத்திரம் இல்லை என்பதால் மட்டும் வரைபடத்தில் உள்ள ஒதுக்கீடு அழிந்துவிடாது.

சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டீர்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெங்களூரு வழக்கு ஒன்றை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம், தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. அப்பகுதிக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு வழக்காட உரிமை உண்டு என்றும், பொதுப் பூங்காவைத் தனியாருக்கு மாற்றியது செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. மருத்துவமனையும் நல்ல நோக்கம்தான், ஆனாலும் அந்த நோக்கம் பூங்காவின் இடத்தை எடுத்துக்கொள்ள நீதிமன்றம் ஒப்பவில்லை. ஒரு மண்டபத்தின் விருந்தினர் வாகனங்களுக்காக அதே காரியத்தைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு இத்தகைய இடங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் நிலம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதையும் அதே தகவல் மனுவில் கேட்டுவிடுங்கள்.

மண்டபத்தைப் பற்றி ஒன்று. திட்ட அனுமதி பெறும்போதே எத்தனை வாகனங்களுக்கு உள்ளே இடம் விட வேண்டும் என்பது வரைபடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும். வாகனங்களுக்கெனக் காட்டிய தரைக்கீழ்த் தளம் பந்தி நடக்கும் கூடமாக மாறிவிடுவதைப் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் மண்டபத்தில் அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அனுமதி வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் சொல்லவும் கூடாது. அவ்வாறு மாறியிருப்பது ஆவணத்தில் தெரிந்தால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் திட்ட அனுமதி வழங்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு உண்டு. அது மாமன்ற உறுப்பினரின் கையில் உள்ள அதிகாரம் அன்று. அவரிடம் அதைக் கேட்டு, அவர் செய்யவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

முதல் மாடிக் குடித்தனம் எழுதியது:

மேலே ஐயா எழுதியவை அனைத்தும் உண்மை. ஆனால் காருக்கு இடமில்லாத அண்டை வீட்டாரைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் கூட்டத்தில் உங்களுக்கு எதிராக எழப்போகும் குரல் அவர்களுடையது. நானும் அப்படிப்பட்ட கட்டடத்தில்தான் வாழ்கிறேன். எட்டு வீடுகள், கீழே நான்கு வண்டிகளுக்கு மட்டுமே இடம். கட்டியபோது யாரிடமும் கார் இல்லை. இன்று ஆறு கார்கள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் ஏற்பட்டபோது, இருபுறமும் கார்கள் நின்ற எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல், அவரை நாற்காலியில் அமரவைத்துத் தெருமுனைவரை தூக்கிச் சென்றோம். அந்த இரவுக்குப் பிறகுதான் எங்கள் தெருவில் பேச்சு தொடங்கியது.

நாங்கள் செய்தது எளியது. ஒரு வாரம் முழுவதும் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும், தெருவில் நிற்கும் வண்டிகளை எண்ணி, எது தெருவாசிகளுடையது, எது வெளியாட்களுடையது என்று நோட்டில் குறித்தோம். இரவில் நின்றவை ஏறக்குறைய எல்லாம் எங்களுடையவை. பகலில் நின்றவற்றில் பாதிக்கு மேல் அருகிலிருந்த கடைகளுக்கு வந்தவை. அதை வைத்துக்கொண்டு, தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்துவது என்று எங்களுக்குள் ஒப்புக்கொண்டோம். மறுபக்கத்துக்கு நிறுத்தத் தடைப் பலகை வேண்டும் என்று போக்குவரத்துக் காவல் துறைக்கு, மாமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்துடன், மனு கொடுத்தோம். பலகை வர ஏழு மாதங்கள் ஆயின. ஆனால் வந்தது.

உங்கள் தெருவிலும் எண்ணிப் பாருங்கள். முகூர்த்த நாள், சாதாரண நாள் இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். தெருவாசிகளின் கார்கள் எத்தனை என்று தெரிந்துவிட்டால், அவற்றுக்காகப் பூங்காவின் பாதி தேவையா என்பதைக் கூட்டத்தில் அனைவரும் சேர்ந்தே பார்க்கலாம். இன்னொன்று: கட்டண நிறுத்தம் வந்தால் அது தெருவாசிகளுக்கு மட்டும் என்று யாராலும் ஒதுக்க முடியாது. காசு கொடுக்கும் எவரும் நிறுத்தலாம். முகூர்த்த நாளில் உங்கள் அண்டை வீட்டாருக்கு அங்கேயும் இடம் கிடைக்காது. இதை அவர்களிடம் கூட்டத்துக்கு முன்பே, வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து சொன்னால் அது வாதமாகிவிடும்.

வார்டு நண்பன் எழுதியது:

கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சென்னையில் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது, அதன் பிறகு 2022 பிப்ரவரித் தேர்தல்வரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லை. அந்தக் காலத்தில் இத்தகைய மனுவைக் கொடுக்க அதிகாரி ஒருவரைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை. பகுதி சபைகள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தொடங்கின. அவற்றின் மதிப்பு, அங்கே பேசப்படுவது பதிவாவதில்தான் இருக்கிறது. நான் கலந்துகொண்ட முதல் கூட்டத்தில் நாற்பது பேர் குப்பை, கொசு, தெருவிளக்கு என்று மாறி மாறிப் பேசினோம். எதுவும் குறிப்பேட்டில் தெளிவாக ஏறவில்லை, மறுகூட்டத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எனவே பேச்சை எழுத்தில் கொண்டுபோங்கள். இன்ன சர்வே எண்ணில் உள்ள பூங்கா நிலத்தை மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் சேர்த்து, சுற்றுவேலி அமைத்து, முழுவதையும் பூங்காவாகவே பேண வேண்டும் என்று இந்தச் சபை கோருகிறது, என ஒரே வாக்கியத்தில் தீர்மான வரைவு எழுதி, கையொப்பங்களுடன் கொடுங்கள். மண்டபத்தையும் தெரு நெரிசலையும் அதே தாளில் கலக்காதீர்கள். மூன்றும் வெவ்வேறு மேசைகளுக்குப் போக வேண்டியவை, ஒரே தாளில் இருந்தால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டும்.

மாமன்ற உறுப்பினரை எதிரியாக எண்ண வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நெரிசல் குறித்து அவரிடம் நாள்தோறும் புகார் வருகிறது, கண்ணெதிரே காலி நிலம் தெரிகிறது, அதனால் அந்த யோசனை வந்திருக்கும். வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து வேலிக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் செலவிட அவரால் முடியும், மண்டலக் குழுவில் பேசவும் முடியும். பூங்காவை முழுமையாக அமைத்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கும்படி கோரிக்கையை வையுங்கள்.

ஏரிக்கரை வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வில்லங்கச் சான்றில் தானப்பத்திரம் கிடைத்துவிட்டது. 1994-இல் அன்றைய ஊராட்சியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஐயா சொன்னபடியே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றப்படவில்லை.

தெருவில் ஒரு வாரம் எண்ணினோம். இரவில் தெருவாசிகளின் கார்கள் பதினேழு. ஒரு பக்கமாக நிறுத்தினால் பதினான்குக்கு இடம் இருக்கிறது. மீதமுள்ள மூன்றில் இரண்டை, தங்கள் வளாகத்தில் இடம் வைத்திருக்கும் இரு வீட்டார் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டார்கள். கட்டண நிறுத்தத்தை ஆதரித்த ஐந்து குடும்பங்களில் நான்கு, தீர்மான வரைவில் கையொப்பமிட்டிருக்கின்றன. ஒருவர் மட்டும் இன்னும் உடன்படவில்லை, அவருடைய காருக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. அவரிடம் மீண்டும் பேசுவோம்.

பத்திர நகலை மாமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்தோம். இது தமக்குத் தெரியாது என்று சொன்னார். பெயர் மாற்றத்துக்கு மண்டல அலுவலகம் வட்டாட்சியருக்கு எழுத வேண்டும், அதற்குத் தாம் கடிதம் தருவதாகக் கூறியிருக்கிறார். கல் பதிக்கும் யோசனையைக் கைவிட்டதாக அவர் இதுவரை சொல்லவில்லை. மண்டபத்தின் அனுமதி வரைபடம் கேட்டு அனுப்பிய தகவல் மனுவுக்கும் பதில் வரவில்லை, அடுத்த வாரம் மேல்முறையீடு செய்கிறோம். பட்டுப்போன இரண்டு மரங்களின் இடத்தில் கன்று நட எண்ணியிருந்தோம். வேலி வரும்வரை வண்டிச் சக்கரத்தில் அவை தப்பாது என்பதால், பூவரசு, நாவல் என்று ஆறு கன்றுகளை எங்கள் வீட்டு முற்றத்தில் பைகளில் வளர்த்துவருகிறோம்.